பொறுக்காமல் பார்க்க ஒரு பயிற்சி

அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்ட திண்டிவனத்து நண்பர்களுக்கு ஒரு யோசனை: கிளம்பும் முன் ஒரு காலை திருவக்கரைக்குப் போய்வாருங்கள். சிரிக்காதீர்கள். தீவில் என்ன செய்யலாம் என்றால் எல்லோரும் ஸ்கூபா, ஜெட் ஸ்கி என்பார்கள். என்னைக் கேட்டால், 2018-இல் ஷாகீத் தீவு என்று பெயர் மாறிய நீல் தீவில், கடல் உள்வாங்கும்போது பாறைப் பாலத்தடியில் நடப்பதுதான் முதல் சுகம். கணுக்கால் தண்ணீரில் பவளம், நண்டு, கடல் வெள்ளரி என்று ஒரு தனி உலகம். நேரம் தவறினால் ஒன்றும் தெரியாது. கடல் வற்றும் நேரத்தை விடுதிக்காரரிடம் முதல் நாளே கேட்டுவையுங்கள். ஆனால் நம் கை சும்மா இருக்காதே! செத்த பவளத்துண்டைக்கூட அங்கிருந்து எடுத்துவரக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் பொருந்தும். அந்தக் கட்டுப்பாட்டைப் பழகத் திருவக்கரையை விட்டால் வேறு இடமில்லை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. வேருமில்லை, கிளையுமில்லை, அதனால்தான் அவை அங்கேயே முளைத்தவை அல்ல என்கிறார்கள் புவியியலாளர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காக்கும் அந்தக் கல்மரப் பூங்காவிலும் ஒரு சில்லைக்கூடத் தொட்டெடுக்கக் கூடாது. பௌர்ணமிக்கு அவ்வூர்க் கோயிலில் வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் பாதியாவது இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கலாம். வெயில் ஏறுமுன் போங்கள். பையில் தண்ணீர் பாட்டில் மட்டும் போதும், திரும்பும்போதும் அது மட்டுமே இருக்கட்டும்.