டேனியத்துக்கு உள்ளதும் படகத்துக்கு இல்லாததும்: இயங்குதள மொழியாதரவு குறித்து ஒரு கருத்துரை

கணினித் தமிழ் பற்றி நம் துறைகளில் நிகழும் உரையாடல் இன்றும் பெரும்பாலும் குறியாக்கத்தைச் சுற்றியே அமைகிறது. ஒருங்குறியில் அகரமேறிய மெய் அடிப்படை எழுத்தாகவும் புள்ளி தனிக்குறியாகவும் வைக்கப்பட்டிருப்பது நம் இலக்கண மரபுக்கு மாறானது என்பதும், இஸ்கி என்னும் இந்தியக் குறியாக்கத்தின் வழியே ழகரம் வகரத்துக்கு முன்னும், னகரம் நகரத்தை அடுத்தும், ஜகரம் சகர ஞகரங்களுக்கு இடையிலும் வந்து அமர்ந்தன என்பதும் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளன. இக்கூற்றுகள் உண்மையே. ஆனால், இவற்றிலிருந்து ‘ஆகவே கணினியால் தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்த இயலாது’ என்று பெறப்படும் முடிவு ஏற்கத்தக்கதன்று.

இதனை விளக்க டேனிய மொழி பொருத்தமான சான்றாகும். ஏறத்தாழ 60 இலட்சம் பேர் பேசும் அம்மொழியின் நெடுங்கணக்கில் இசட் என்னும் எழுத்துக்குப் பின் ‘ஏ-ஈ’ கூட்டெழுத்து, குறுக்குக்கோடிட்ட ‘ஓ’, மேல்வளையமிட்ட ‘ஏ’ என மூன்று எழுத்துகள் இவ்வரிசையிலேயே வரும். ஒருங்குறியிலோ நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான வளைய ‘ஏ’ மற்ற இரண்டுக்கும் முன்னதாக இடம்பெறுகிறது. ஆயினும் டேனிய அமைவில் இயங்கும் கணினி ஊர்ப்பெயர்களைப் பிழையின்றி வரிசைப்படுத்துகிறது. குறியெண் வரிசை வேறு, அகரவரிசை விதி வேறு. பின்னதை இயங்குதளம் தனித் தரவாகப் பெற்றுக்கொள்கிறது. 1948ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இரட்டை ‘ஏ’யை நீக்கி வளைய ‘ஏ’யைக் கொணர்ந்தது. பழைய வடிவைத் தக்கவைத்துக்கொண்ட பெயர்களும் வளைய ‘ஏ’யின் இடத்திலேயே வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆர்ஹுஸ் நகரம் 2011இல் தன் பெயரை மீண்டும் இரட்டை ‘ஏ’யால் எழுதத் தொடங்கியபோதும் அகரவரிசையின் இறுதியில் அதற்குரிய இடம் மாறவில்லை. இந்நுட்பத்தைக் கண்டவர்கள் பொறியாளர்கள் அல்லர். 1955இல் நிறுவப்பட்ட டேனிய மொழி மன்றமும் அதன் எழுத்திலக்கண அகராதியும் வகுத்ததை நிரலாளர்கள் படியெடுத்துக்கொண்டனர், அவ்வளவே.

அவர்களும் இடர்ப்படாமல் இந்நிலையை எட்டவில்லை. ஏழு துணுக்குக் குறியாக்கக் காலத்தில் அம்மூன்று எழுத்துகளும் அடைப்புக்குறிகளுக்கும் சாய்கோட்டுக்கும் உரிய இடங்களில் குடியேற நேர்ந்தது. உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரிவடிவங்களை வைத்துப் பல எழுத்துருக்களோடு நாம் போராடிய காலத்தை இது நினைவூட்டும். (தரங்கம்பாடியில் டேனிய அரசின் ஆதரவில் தமிழ் அச்சேறியதை இவ்விடத்தில் நினைப்பவர் இருக்கலாம், இக்கருத்துரைக்கு அது வேண்டுவதில்லை.)

தமிழுக்கு இயங்குதள ஆதரவு இல்லை என்று இன்று கூற முடியாது. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாடு தந்த தமிழ்99 விசைப்பலகை, 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பில் இடம்பெற்ற தமிழ், 2010இல் ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்ற தமிழக அரசின் ஆணை என அவ்வரலாறு நன்கறியப்பட்டதே. எஞ்சியிருப்பது மொழியறிஞர் செய்ய வேண்டிய பணி. குறியெண்ணை மட்டும் நோக்கும் மென்பொருளில் ‘அகம்’ முன்னும் ‘அக்கம்’ பின்னும் வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் முறை இதற்கு மாறானது. எவ்வரிசை வேண்டும், கிரந்த எழுத்துகள் எங்கே நிற்க வேண்டும் என்பனவற்றை முடிவுசெய்து விதியாக எழுதித் தரும் கடமை தமிழ்த்துறைகளுடையது.

இக்கடமை தமிழோடு நின்றுவிடுவதில்லை என்பதை நீலகிரி உணர்த்துகிறது. உதகையின் காந்தல் போன்ற பகுதிகளில் தமிழும் படகமும் கன்னடமும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. ஆயினும் அங்குள்ள ஒருவரின் கைப்பேசியில் படகம் தமிழாகவே பதிவாகிறது. படகப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் தட்டச்சிடும் ஆய்வாளரின் திரையில் சொல்தோறும் சிவப்புக் கோடு விழும். தானியங்கித் திருத்தம் படகச் சொல்லை அதற்கு ஒலியால் நெருங்கிய தமிழ்ச் சொல்லாக மாற்றிவிடும். முன்னது எரிச்சலூட்டுவது; பின்னது தரவைச் சிதைப்பது. கோப்பின் மொழி ‘தமிழ்’ என்றே குறிக்கப்படுவதால், நாளை இத்தரவைத் திரட்டுபவர் அதனைப் பிழைமலிந்த தமிழ் என்றே கொள்வர்.

எழுத்துச் சிக்கல் இதனினும் ஆழமானது. படக உயிரொலிகளில் இயல்பானவை, அரைவளைநா, முழுவளைநா என மூவகை வேறுபாடு உண்டு என எமனோ 1939இல் எழுதினார். இன்றைய பேச்சில் அது பெரிதும் தேய்ந்திருப்பினும், பழைய பாடல்களைப் பதிவுசெய்பவர் அதனைப் புறக்கணிக்க இயலாது. தமிழ் எழுத்தில் அதற்குக் குறியில்லை. எளிய சான்று ஒன்று: படகத்துக்கெனத் தனி மாதப்பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தமிழில் ‘தொட்ட தீவிகெ’ என எழுதினால் முதலெழுத்துகளின் ஒலிப்புத் தன்மை மறைந்துவிடும். ஹெத்தை, எத்தை என ஒரே தெய்வத்தின் பெயர் இருவகையாக அச்சேறுவதையும் காண்கிறோம். நாட்காட்டிக்கு மாதப்பெயர் கேட்கும் இயங்குதளத்துக்கு எவ்வடிவைத் தருவது?

பேசுவோர் தொகை குறைவு என்னும் விடை பொருந்தாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னடத்தின்கீழ் அடக்கிக் காட்டப்படும் படகத்தைப் பேசுவோர் ஏறத்தாழ 1.3 இலட்சம் பேர். டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட ஃபரோ தீவுகளின் மக்கள்தொகை இதில் பாதியும் இல்லை. ஆயினும் விண்டோஸின் மொழிப் பட்டியலில் ஃபரோயிய மொழிக்கு இடமுண்டு; படகத்துக்கு இல்லை. அத்தீவினர் 2017இல் தம் மொழிக்கு மொழிபெயர்ப்பு வசதி கேட்டு, தாமே மொழிபெயர்த்துக் காணொளிகளாக வெளியிட்டனர். 2024இல் கூகுள் மொழிபெயர்ப்பியில் அம்மொழி சேர்ந்தது. அவர்களிடம் நிலைபெற்ற எழுத்துமுறை முன்பே இருந்தது என்பதே முதன்மையான வேறுபாடு.

அதனைப் படகத்துக்கு நாமே வகுத்தளிக்கலாம் என்பார் உளர். இதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ், கன்னடம், உரோமன் ஆகியவற்றுள் எவ்வெழுத்தைக் கொள்வது என்பது படக மக்களின் தேர்வு. தமிழ்த்துறை அதில் முந்திக்கொண்டால், படகம் எம்மொழியின் கிளை என்னும் பழைய பூசல் புதிய உருவில் தலைதூக்கும். தோடம், கோத்தம், இருளம், குறும்ப மொழிகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

நம் எல்லைக்குள் செய்யத்தக்கவை உள்ளன. உலகத் தரப்பட்டியலில் படகத்துக்கு ‘பி.எஃப்.க்யூ’ என்னும் மூவெழுத்துக் குறி முன்பே உண்டு. அதனோடு எழுத்துமுறைக் குறியையும் இணைத்து ஆய்வுத் தரவுக் கோப்புகளைக் குறிக்கலாம். ஒருங்குறிச் சேர்த்தியம் பேணும் பொதுத் தரவகம் எழுத்துப் பட்டியல், மாதப்பெயர், வரிசை விதி போன்றவற்றை மொழிச் சமூகங்களிடமிருந்து ஏற்றுக்கொள்கிறது. அதற்கான படிவங்களைப் படக எழுத்தாளர்களோடு அமர்ந்து நிரப்ப மொழியியல் பயின்ற ஆய்வாளர் இருவர் போதும். நீலகிரி மொழிகள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் தாம் கையாளும் எழுத்துமுறை விளக்கத்தையும் ஒலிப்பதிவையும் பின்னிணைப்பாகத் தர வேண்டும் எனப் பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம். இதற்கு அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. பாடக்குழுவின் ஒரு கூட்டத்தில் முடிவுசெய்யக் கூடியதே.