ஒரே ஒரு ஆட்டம் சீசன் ஆகாதுங்க

ஒருநாள் மழை பேஞ்சா அதை மழைக்காலம்னு நாங்க சொல்றதில்லை. விதைக்க ஒரு மழை, களை எடுத்தப்புறம் ஒரு மழை, கதிர் பிடிக்கிறப்போ ஒரு மழைன்னு இடைவெளி விட்டு வந்தாத்தான் சாமை வீடு வந்து சேரும். நம்ம கல்லூரிப் பசங்க ஆடுற ஃபுட்பாலுக்கும் கணக்கு இதேதான்னு நான் நினைக்கிறேன். ஆனா அவங்களுக்கு நாம கொடுக்கிறது ஒரு தூறல் மட்டும்தான்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஜவ்வாது மலைன்னா தேனு, சாமை, பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி, ஜமுனாமரத்தூர் கோடை விழா இதெல்லாம் ஞாபகம் வரும். ஃபுட்பால் வராது. ஆனா இங்க பசங்க நல்லாவே ஆடுவாங்க. சமமான இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். பந்து சரிவுல உருண்டுச்சுன்னா ஒருத்தன் இறங்கி எடுத்துட்டு வர்ற வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்துக்க வேண்டியதுதான். மேட்டுல ஏறி இறங்கின காலு, மூச்சு வாங்காது. உண்டு உறைவிடப் பள்ளியில படிக்கிறப்போ ஆரம்பிச்சு, கீழ இருக்கிற கல்லூரிகளுக்குப் போனதும் டீம்ல சேர்ந்துக்குவாங்க.

அதுக்கப்புறம்தான் பிரச்சினை. எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கல்லூரி டீம்ல பேக் ஆடுறான். போன வருஷம் ஆறு மாசம் காலையில எழுந்து ஓடினான். போட்டிக்குப் போனாங்க. ஆட்டம் சமன், டைபிரேக்கர்ல தோல்வி. சாயங்காலம் போளூர்ல கடைசி பஸ்ஸைப் பிடிச்சு மலையேறிட்டான். அவனோட அந்த வருஷ சீசன் அவ்வளவுதான், ஒரே ஆட்டம். அவன்மேல தப்பு இல்லை, ஆட்டத்துல தோக்கிறதும் சகஜம். தோத்தா வீட்டுக்குப் போன்னு சொல்ற நாக்அவுட் முறையிலதான் எனக்கு வருத்தம்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. 16 டீம் நாக்அவுட்ல ஆடினா, 8 டீம் முதல் ஆட்டத்தோட கிளம்பிடும். கோப்பை ஜெயிக்கிற டீமே மொத்தம் 4 ஆட்டம்தான் ஆடும். அதுக்குப் பதிலா திருவண்ணாமலை, போளூர், திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் 6 கல்லூரிங்க சேர்ந்து லீக் வைக்கட்டும். உங்க ஊர்ல ஒரு ஆட்டம், எங்க ஊர்ல ஒரு ஆட்டம்னா ஒவ்வொரு டீமுக்கும் 10 ஆட்டம் கிடைக்கும். வெளியூர்ப் பயணம் 5 தடவைதான். கடைசி இடத்துல நிக்கிற டீம்கூட 10 ஆட்டம் ஆடியிருக்கும்.

இது நான் புதுசா கண்டுபிடிச்ச யோசனை இல்லை. மதுரை சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019 மே மாசம் இந்தியப் பெண்கள் லீக்ல சாம்பியன் ஆச்சு. கடைசி ஆட்டத்துல மணிப்பூர் போலீஸ் அணியை 3-1னு ஜெயிச்சாங்க. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா அந்தக் கடைசிக் கட்டம் முழுக்க பஞ்சாப் லூதியானாவுல, ஒரே மாசத்துக்குள்ள நடந்து முடிஞ்சுது. மதுரைக்காரங்க தங்க டீமைத் தங்க ஊர்ல பார்க்க முடியலை. பல வருஷம் ஒரே ஊர்ல கூட்டி நடத்தின அந்த லீக்கையே 2023-24ல சொந்த ஊர், வெளியூர்னு மாத்தினாங்க. தேசிய லீக்குக்குப் புரிஞ்ச விஷயம் கல்லூரிப் போட்டிக்கு மட்டும் ஏன் புரியக்கூடாது?

அமெரிக்காவுல கல்லூரி ஃபுட்பால்னா வேற ஆட்டம், கையில தூக்கிட்டு ஓடுவாங்க. அங்க பெரிய கல்லூரிங்க வழக்கமான சீசன்ல 12 ஆட்டம் ஆடும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரலாமாம். நமக்கு லட்சம் பேர் வேணாம். ஆட்டம் 10 இருந்தாப் போதும்.

‘விளையாட்டுன்னு திரிஞ்சா படிப்பு போயிடும்’னு சிலர் சொல்வாங்க. மலையில நடக்கிறது வேற. படிப்பை விடுற பையன் பந்தாடப் போறதில்லை, கூலி வேலைக்கு வெளி மாநிலம் போயிடுறான். 2015 ஏப்ரல் 7ல சேஷாசலம் காட்டுல சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேர்ல எங்க மலை ஆளுங்களும் இருந்தாங்க. அதை நாங்க மறக்கலை. சனிக்கிழமை ஆட்டம் இருக்குன்னா பையன் அந்த வாரம் கல்லூரியில இருப்பான். அடுத்த வாரமும் இருக்குன்னா அடுத்த வாரமும் இருப்பான். ஒரு ஆட்டத்துல தோத்து வந்தவனைக் கட்டி வைக்க எங்ககிட்ட எந்தக் கயிறும் இல்லை.

வேலை விஷயமும் இருக்கு. தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. இந்திய அணிக்கு ஆடின கடலூர் இந்துமதி நம்ம போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். ஆனா அந்த வழியில போக பல்கலைக்கழக டீம், மாநில டீம்னு மேல ஏறணும். தேர்வு பண்றவர் ஒரு பையனை ஒரு ஆட்டத்துல பார்த்து என்னத்தைக் கண்டுபிடிப்பார்? அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சலாக்கூட இருக்கலாம்.

காலமும் பார்த்து வைக்கணும். ஐப்பசி, கார்த்திகையில சாமை அறுப்பு, வீட்டுக்கு ஆள் வேணும். மாசி, பங்குனியில புளி உலுக்கணும். மார்கழியில ஆரம்பிச்சு மாசி நடுவுக்குள்ள முடிச்சா பரீட்சைக்கும் தொந்தரவு இல்லை, வயலுக்கும் தொந்தரவு இல்லை.

‘பணம்?’னு கேப்பீங்க. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊரூரா ஆளுயரக் கோப்பை கொடுக்கிறாங்க. ஜெயிச்ச டீம் அதை வைக்க வீட்டுல இடமில்லாம பரண்மேல போட்டு வைக்குது. அந்தக் காசை ஒரு டீமோட பஸ் செலவுக்கும் மதியச் சோத்துக்கும் கொடுங்க. ஃபோட்டோவுல பளபளன்னு தெரியாது, உண்மைதான். ஆனா பசங்க அடுத்த வாரமும் ஆடுவாங்க.

உங்கள்ல பல பேர் பழைய மாணவர் சங்கத்துல இருப்பீங்க. சில பேர் கல்லூரி நிர்வாகத்துலயும் இருப்பீங்க. அடுத்த கூட்டத்துல ‘இந்த வருஷம் எத்தனை கோப்பை வாங்கினோம்’னு கேட்காம, ‘நம்ம பசங்க எத்தனை ஆட்டம் ஆடினாங்க’ன்னு கேளுங்க. பதில் ஒண்ணு, ரெண்டுன்னு வந்தா, அங்கேயே பேச ஆரம்பிங்க.