செல்போன் யார் கையில் இருக்கிறது?

வளரும் நாடுகளில் செல்போன் வழியாக அரசு தரும் சேவைகளை மக்கள் ஏன் ஏற்கத் தயங்குகிறார்கள்? இதை ஆராய்ந்து ஆய்வேடுகள் குவிகின்றன. மக்களுக்கு நம்பிக்கை போதவில்லையாம், எழுத்தறிவு போதவில்லையாம், பழக்கம் போதவில்லையாம். குறையெல்லாம் மக்களிடம்தான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது.

நூறு நாள் வேலையையே பாருங்கள். 2021 மே மாதம் ஒன்றிய அரசு ஒரு வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணித்தளங்களிலும் அதைக் கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிறகு இன்னொரு படம், இரண்டும் இடக்குறியோடு ஏற வேண்டும். டவர் கிடைக்கவில்லை என்றால்? வெயிலில் மண் வெட்டியது வெட்டியதுதான், கூலிக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான். போதாதென்று 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடாவும் கட்டாயமாயிற்று. 2023இல் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நாள்கணக்கில் உட்கார்ந்து இரண்டையும் எதிர்த்தார்கள். அரசு அசையவில்லை. இப்படித் திணித்த ஒன்றுக்கு ‘மக்கள் ஏற்பு’ என்று பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, அந்தச் செல்போன் யார் கையில் இருக்கிறது? தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அவர்கள் படத்தில் நிற்பவர்கள். படம் பிடிப்பவர் பணித்தளப் பொறுப்பாளர். அவருக்கு மேலே ஊராட்சி. ஊராட்சியில் யார் பேச்சு செல்லும் என்பது ஊருக்கும் தெரியும், சேரிக்கும் தெரியும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரையே ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்தப் படம் வெளிவந்த பிறகுதான் நாடு அதிர்ந்தது. தலைவருக்கே நாற்காலி கிடைக்காத இடத்தில், “என் பேர் ஏறிச்சா, போனைக் காட்டு” என்று ஒரு சேரிப் பெண் கேட்டுவிட முடியுமா?

காகிதப் பதிவேட்டிலும் மோசடி நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையில் பிடித்துக் கேள்வி கேட்க முடிந்தது. 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அதைத்தான் செய்தது. பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்து, செத்தவர் பெயரில் எழுதிய கூலியை அம்பலப்படுத்தியது. தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டது அந்தப் போராட்டம். இன்று அந்தப் பதிவேடு செயலிக்குள் போய்விட்டது. திருட்டு ஒழிந்ததா? ஏற்கெனவே எடுத்த படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதற்கு அது கண்ட மருந்து, ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஆட்களை வைத்துச் சரிபார்ப்பது!

கணினிக்குச் சாதி தெரியாது என்பார்கள். 2021இல் இதே அமைச்சகம் கூலிப் பட்டுவாடாவைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்தது. ஒரே குளத்தில் ஒன்றாக மண் சுமந்தவர்களில் ஒருவருக்குப் பணம் வந்தது, மற்றவருக்கு வரவில்லை. சாதி பார்த்துக் கூலி வருகிறதே என்று பணித்தளங்களில் பேச்சு கிளம்பி, கண்டனம் எழுந்த பிறகே கைவிட்டார்கள். கணினிக்குச் சாதியைச் சொல்லிக் கொடுத்தது யார்?

2025 டிசம்பரில் பழைய சட்டத்தையே தூக்கிவிட்டு, 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலங்களின் தலையில் கட்டியதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கைரேகையும் செல்போன் கண்காணிப்பும் சட்டத்தின் வாசகமாகவே ஏறிவிட்டதைப் பற்றி அந்த அளவு பேச்சில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. அன்றாடம் மாலை, பணித்தளத்தை விட்டுக் கிளம்பும் முன், அன்றைய வருகைப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒட்டுங்கள். உரக்கப் படியுங்கள். படம் ஏறாவிட்டாலும் செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள். கூலி தாமதமானால் அந்தந்த அதிகாரியிடம் பிடித்தம் செய்யுங்கள். கிராம சபையைச் சேரியில் கூட்டி, அந்தப் பட்டியலை அங்கே வையுங்கள்.