தூங்காத கொம்பியூட்டருக்கு போர்மட் மருந்தல்ல



நம்ம ஊரில் கொம்பியூட்டருக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: "போர்மட் பண்ண வேணும்."

ஸ்லீப்பில் போட்டால் தூங்குவதில்லையா? போர்மட். தூங்கியது எழும்பவில்லையா, பேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறதா? போர்மட். நடுச்சாமத்தில் தானாக விழித்துக்கொள்கிறதா? அதற்கும் போர்மட். தலைவலிக்குத் தலையை வெட்டும் வைத்தியம் இது. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கொம்பியூட்டர் கற்பிக்கும் நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க முடியாது.

போர்மட்டில் அழிவது விண்டோஸ் மட்டுமல்ல. டெஸ்க்டொப்பிலும் டொகியூமென்ட்ஸிலும் நாம் போட்டு வைப்பதெல்லாம் வழமையாக சி டிரைவில்தான் கிடக்கிறது. உயர்தரப் பிள்ளையின் செயற்றிட்டம், மத்ரஸாவின் வரவு செலவு, ஜனாஸா சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், மௌத்தான உம்மாவின் போட்டோ. பிரதி எடுக்காமல் அழித்தால் போனது போனதுதான்.

சரி, அழித்த பிறகாவது சுகமாகிறதா? பல வேளைகளில் இல்லை. ஸ்லீப்பில் ரேம் மின்சாரத்தில் உயிரோடு இருக்கும். மற்றவை அநேகமாக ஓய்ந்துவிடும். எழும்பும்போது திரை, மவுஸ், நெட்வேர்க் எல்லாவற்றின் டிரைவரும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று சொதப்பினாலும் சிக்கல். போர்மட் பண்ணி அதே டிரைவரைத் திரும்பப் போட்டால் அதே நோய் திரும்ப வரும். பயோஸ் அமைப்பில் கோளாறு என்றால் போர்மட் அதைத் தொடவே தொடாது.

கடைக்குத் தூக்க முன் இவற்றைப் பாருங்கள்.

தானாக விழிக்கிறதா? டிவைஸ் மெனேஜரில் மவுஸையும் நெட்வேர்க் அடப்டரையும் திறந்து, பவர் மெனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், கொம்பியூட்டரை எழுப்ப அனுமதிக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பவர் ஒப்ஷனில் வேக் டைமர் இருந்தால் நிறுத்துங்கள். மேசை ஆடினாலே மவுஸ் அசைந்து எழுப்பிவிடும்.

தூங்கவே மறுக்கிறதா? ஓடும் வீடியோ, முடியாத பிரின்ட், யூஎஸ்பியில் செருகிய சாமான் இவற்றைக் கழற்றி, மூடிப் பாருங்கள். விண்டோஸில் பவர்சிஎப்ஜி என்றொரு கட்டளை இருக்கிறது. யார் தூங்கவிடாமல் தடுக்கிறார், கடைசியாக எழுப்பியது யார் என்று கேட்டால் அதுவே பதில் சொல்லும். ஐசிடி படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், தேடி எடுத்துத் தரும்.

எழும்பினால் கறுப்புத் திரையா? விண்டோஸ் கீ, கொன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரையின் டிரைவர் மீண்டும் தொடங்கும். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். இல்லையென்றால் உங்கள் மொடலுக்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். பயோஸ் அப்டேட்டை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்ட்டே போய்விடலாம்.

இன்னொன்று. ஸ்லீப் என்பது சேமிப்பு அல்ல. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். கரண்ட் போனால் ரேமில் இருப்பதும் போகும். நீண்ட நேரம் எழும்பிப் போவதென்றால் சேவ் பண்ணிவிட்டு ஹைபர்னேட்டில் போடுங்கள். அது வேலையை டிஸ்க்கில் எழுதி வைக்கும்.

"சேர், கடைக்காரத் தம்பிமாரின் பிழைப்பில் மண் போடுகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. பழி முழுதும் அவர்கள் மேலும் இல்லை. ஒரு மணித்தியாலம் குந்தி நோயைக் கண்டுபிடித்தால் "ஒண்ணுமே மாத்தல்லயே, எதுக்குக் காசு?" என்று சண்டைக்குப் போகும் ஊர், போர்மட் என்றால் மறுபேச்சின்றிக் காசை எண்ணி வைக்கிறது. பார்ப்பதற்குக் கூலி இல்லை, அழிப்பதற்குக் கூலி உண்டு என்றால் எந்தத் தம்பி பார்ப்பார்? கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுங்கள். அதுதான் உழைப்பு.

ரேம், பவர் சப்ளை போன்றவை உண்மையிலேயே பழுதாகும். அப்போது கடைக்குத்தான் போக வேண்டும். போனால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பழுது? எதைச் சோதித்துக் கண்டுபிடித்தீர்கள்? எங்கள் பைல்களின் பிரதி எங்கே? மூன்றுக்கும் பதில் வராமல் கொம்பியூட்டரைக் கையளிக்காதீர்கள்.

பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் கொம்பியூட்டர் அன்பளிப்புச் செய்யும் வெளிநாட்டுச் சகோதரர்களுக்கும் இதையே சொல்கிறோம். பெயர்ப்பலகையோடு நின்றுவிடாதீர்கள். பிரதி எடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும், வருடத்தில் ஒரு தடவை பார்த்துத் திருத்துவதற்கான கூலியும் சேர்த்துத் தாருங்கள்.

அடுத்தவரின் உழைப்பு நம் கையில் இருந்தால் அது அமானிதம். காரணம் தெரியாமல் அதை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஊர் குறூப்புகளில் பகிருங்கள்.