பதினாறணாக் கணக்கும் பதினறும எண்களும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருக்களிலே முதியோர் சிலர் ஐம்பது காசை இன்றும் எட்டணா என்றே வழங்குவர். 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலே ரூபாய் நூறு காசாகப் பகுக்கப்பட்டது. அணா போயிற்று, சொல் போகவில்லை. அச்சொல்லை அறிந்தவர், கணினிநூலார் பதினறுமம் என்னும் எண்முறையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

தசம முறையில் ஓரிலக்கம் இடப்புறம் நகரின் அதன் மதிப்புப் பதின்மடங்காகும். பதினறுமத்திற் பதினாறு மடங்காகும். பத்து முதற் பதினைந்து வரையுள்ள எண்களுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் ஆங்கில எழுத்துக்களை ஆளுவர். வேற்றுமை அவ்வளவே. 2ஏ என்பதனை இரண்டு ரூபாய் பத்தணா எனக் கொள்க. அனைத்தும் எத்தனை அணா? இரண்டைப் பதினாறாற் பெருக்கிப் பத்தைக் கூட்ட, 42. இதுவே தசமமாக்கும் முறை.

எண்சுவடி ஓதிய திண்ணைப்பள்ளிச் சிறாரும் அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாகப் பகுத்துப் பதினாறில் ஒன்றை எய்தினர். அதுகொண்டு நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்பார் கூற்று வீண்பெருமை. முழுவெண்களை அவர் பத்தாலேயே எண்ணினர்; இருபதில் ஒன்றாகிய மாவும் அவரிடம் வழங்கிற்று.

தமிழ் பயில்வார்க்கு இக்கணக்கு எற்றுக்கு என்பார் நம் மாணாக்கருட் பலர். யான் அதற்கு உடன்படேன். யூனிகோடு முறையில் தமிழெழுத்துக்கள் பதினறும எண்களாற் குறிக்கப்படும். ஔவையார் பெயரை ஒருவர் ஔகாரமாகிய ஓரெழுத்தாற் பொறிக்கிறார். மற்றொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, கணினிக்கோ வேறு. முன்னதைத் தேடுவார்க்குப் பின்னது அகப்படாது. பாட்டியார் பாடல் ஏட்டில் இருந்தும் இல்லாததாகும்! பதிப்பாசிரியன் அப்பிழையைக் காண்பது எண்ணாலேயே. ஔகாரம் 0பி94, ஒகரம் 0பி92, ளகரம் 0பிபி3.

பாடபேதம் ஆராயும் நாம் இதனையும் ஆராய்தல் வேண்டும். சிறப்புத் தமிழ் வகுப்பிலே இதற்கென ஒருமணிப் பொழுது ஒதுக்கினும் போதும். அணாக்கணக்கு அறிந்த தாத்தா ஒருவரே ஆசிரியராகலாம். 0பி94 என்பதில் பி பதினொன்று. அதனை 256 ஆற் பெருக்க 2816. ஒன்பதைப் பதினாறாற் பெருக்க 144. ஈற்றில் நான்கு. கூட்ட 2964. ளகரத்தின் எண்ணைப் படிப்போர் தாமே கண்டு, விடை 2995 ஆகிறதா எனப் பார்க்க.