கொடுக்கும் கையும் வரையும் கையும்

சன்னி லியூ என்னும் ஓவியர் படைத்த சித்திர நாவல் ஒன்றுக்குச் சிங்கப்பூரின் தேசியக் கலைகள் மன்றம் 8,000 வெள்ளி மானியம் அளித்திருந்தது. 2015இல் நூல் வெளிவரும் வேளையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசின் அதிகாரத்திற்கும் நியாயத்திற்கும் நூல் ஊறு செய்யக்கூடும் என்பதே காரணம். லிம் சின் சியோங் சிறைப்படாமல் ஆட்சிக்கு வந்திருந்தால் அத்தீவு எப்படியிருந்திருக்கும் என்று அந்நூல் கற்பனை செய்தது, குற்றம் அவ்வளவே. அச்சாகிவிட்ட பிரதிகளில் மன்றத்தின் சின்னத்தை ஒட்டுத்தாளால் மறைத்தார்கள்.

மிக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்வை ஓவியத்தில் ஆடை தீட்டி மறைக்க 1565இல் அமர்த்தப்பட்ட தனியேலே என்பவரும் நல்ல ஓவியரே. ஆயினும் 'கால்சட்டைக்காரர்' என்ற கேலிப்பெயரே அவருக்கு நிலைத்தது. ஒட்டுத்தாள் ஒட்டுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. லியூவின் நூல் 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும், 2017இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்றையும் பெற்றது. அப்போது மன்றம் ஆசிரியரை வாழ்த்தியது; நூலின் பெயரை மட்டும் உச்சரிக்கவில்லை! பிள்ளையைப் பெற்றவளுக்கு வாழ்த்து, பிள்ளைக்குப் பெயரில்லை.

பொதுப்பணத்தை அரசை இகழ்வோர்க்குக் கொடுப்பதா என்பார் உளர். பொதுப்பணம் யாருடையது? ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவனும் அளிக்காதவனும் வரி செலுத்துகிறான். அரசு அப்பணத்தின் உரிமையாளர் அன்று, கண்காணிப்பாளரே. மக்கள் பணத்தைத் தன் புகழுக்கான கூலியாகக் கருதும் கண்காணிப்பாளரை எந்த வீட்டுத்தலைவர் வைத்திருப்பார்?

அரசு கலையைவிட்டு விலகவேண்டும் என்று நான் வாதிடவில்லை. அத்தனை சிறிய நாட்டில் சந்தையை மட்டும் நம்பினால் தமிழ்க் கவிதை நூல் ஒன்று எத்தனை பிரதி விற்கும்? தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதாலும், பரிசும் மானியமும் தமிழுக்கும் உண்டு என்பதாலுமே பல நூல்கள் அச்சேறுகின்றன. அதற்கு நாம் நன்றி பாராட்டவேண்டும். ஆனால் நன்றி வேறு, வாய்ப்பூட்டு வேறு.

1991இல் மன்றம் தோன்றியது. 1994இல், எழுத்துப்படி இல்லாமல் நிகழ்த்தப்படும் கலைவடிவங்களுக்கு உதவியில்லை என்று முடிவாயிற்று. அத்தடை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது. முன்கூட்டியே படித்துப் பார்க்க இயலாதது ஆபத்தானது என்பதே அதன் உட்பொருள். 2000ஆம் ஆண்டின் மறுமலர்ச்சி நகர் அறிக்கையை ஒட்டி, ஐந்தாண்டுகளுக்கு 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2002இல் சுமார் 60 கோடி வெள்ளிச் செலவில் எஸ்பிளனேட் அரங்கம் திறக்கப்பட்டது. 'படைப்புத் தொழில்கள்' என்ற சொல்லும் அக்காலத்தில்தான் அங்கே வேரூன்றியது. தொழில் என்றதும் கணக்கு வந்துவிடுகிறது: எத்தனை சுற்றுலாப் பயணிகள், எத்தனை விடுதி அறைகள்? 2024 மார்ச்சில் டெய்லர் சுவிஃப்ட் ஆறு இரவுகள் பாடுவதற்கு அரசு மானியம் தந்தது. தென்கிழக்காசியாவில் வேறெங்கும் அவர் அச்சுற்றில் பாடவில்லை. வணிகமாக அது வெற்றியே. வணிகத்தைக் கலைவளர்ச்சி என்று அழைப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

அத்தீவின் நாடகத்தந்தை குவோ பாவ் குன்னை எண்ணிப் பாருங்கள். 1976 முதல் 1980 வரை விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டவர், குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1992இல் குடியுரிமை திரும்பி வருமுன்னரே அரசின் கலாசாரப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. குடிமகனாக இருக்கத் தகாதவர், நாட்டின் பெருமையாக இருக்கத் தகுந்தவராம்! பழைய மின்நிலையம் ஒன்றில் 1990இல் அவர் தொடங்கிய 'சப்ஸ்டேஷன்' கலையகமும் 2021இல் அக்கட்டடத்தை இழந்தது.

2025 செப்டம்பரில் தொடங்கிய திட்டமொன்று, பதினெட்டு வயது நிறைந்த குடிமக்களுக்குக் கலைநிகழ்ச்சிகளிலும் நூல்களிலும் செலவிட 100 வெள்ளி வரவு தருகிறது. கலைஞனுக்குக் கொடுத்துவிட்டு அவன் கையைப் பிடிப்பதைவிட, பார்வையாளரிடம் கொடுப்பது மேலானது. ஆயினும், எங்கே செலவிடலாம் என்னும் பட்டியலை அங்கீகரிப்பவர் யார் என்று கேட்காமல் இருக்கமுடியாது. அப்பட்டியலையும் மானியங்களையும் எழுத்தாளரும் நாடகக்காரரும் அடங்கிய, அமைச்சகத்திற்குக் கட்டுப்படாத குழுவிடம் ஒப்படைக்கட்டும். மறுப்பதானால் தொடக்கத்திலேயே காரணத்தை எழுதிக்கொடுத்து மறுக்கட்டும். நீதிமன்றம் குற்றம் காணாத நூலுக்குக் கொடுத்த காசைத் திரும்பக் கேட்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் இருத்தலாகாது.