காணாத நண்பரை எதிர்கொள்ளுதல்



கைப்பேசியின் வழியாகவே பழகி, ஆண்டுக்கணக்கில் ஜெபக் குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டு, இன்னும் நேரில் சந்தியாத நண்பர்கள் நம்மில் பலருக்கு உண்டு. இதுவும் நட்பாகுமா என்று பெரியோர் சிலர் ஐயுறுகின்றனர். ஆகும் என்பதே என் கருத்து. ஆனால், முதல் சந்திப்புக்கு நாம் எந்த வேளையில் புறப்படுகிறோம் என்பதில்தான் அதன் உண்மை விளங்கும்.

இதற்குச் சான்று நம் பாண்டிநாட்டிலேயே உண்டு. சங்கப் புலவர் பிசிராந்தையாரின் ஊராகிய பிசிர், இராமநாதபுரத்தைச் சார்ந்தது என்று அறிஞர் கருதுவர். உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் அவரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டனர். தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் உடைந்த சோழன், உண்ணாநோன்பிருந்து உயிர்விட வடக்கிருந்தான். வளமான காலத்தில் வராவிட்டாலும் துன்பக் காலத்தில் ஆந்தையார் வராமலிரார் என்று நம்பி, அவருக்காகத் தன்னருகே இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார். இச்செய்திகளைப் புறநானூறு நமக்குக் காத்துத் தந்துள்ளது. வடக்கிருத்தல் விசுவாசிகளாகிய நம் வழியன்று. ஆயினும் அந்த நண்பர் வந்த வேளை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவர் அரண்மனை விருந்துக்கு வரவில்லை, அரசன் அனைத்தையும் துறந்த பின்பே வந்தார்.

வேதமும் இத்தகைய ஒரு சந்திப்பைக் காட்டுகிறது. ரோமாபுரியிலுள்ள விசுவாசிகளுக்குப் பவுல் நிருபம் எழுதியபோது, அந்நகரை அவர் கண்டதில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா போன்ற சிலரை முன்னரே அறிந்திருந்தாலும், மற்ற அநேகருக்கு அவர் எழுத்தினால் மட்டுமே அறிமுகமானவர். அவர்களைக் காண வாஞ்சிப்பதாகவும், அச்சந்திப்பில் இருதிறத்தாரும் ஆறுதல் அடைய வேண்டுமென்றும் எழுதினார் (ரோமர் 1:10-12). சில ஆண்டுகளுக்குப் பின் அவர் வந்தார், ஆனால் கைதியாக வந்தார். கப்பற்சேதத்தில் தப்பி, மெலித்தா தீவில் தங்கி, காவலரோடு வந்தார். செய்தி கேட்ட சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு சென்றனர் (அப்போஸ்தலர் 28:15). மூன்று சத்திரம் ரோமிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ., அப்பியுபுரம் ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவு. இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் வரை உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கைதியை வரவேற்க அத்தனை தூரம் சென்றார்கள். அவர்களைக் கண்டபோது அப்போஸ்தலனே திடன்கொண்டார் என்று லூக்கா குறிக்கிறார். இத்தனை பேருக்குத் திடன் தந்த நிருபத்தை எழுதியவருக்கும், அன்று மனித முகங்கள் தேவைப்பட்டன.

நம் கரையில், மீனவர் இலங்கைக் கடற்படையால் சிறைப்பிடிக்கப்பட்ட செய்தி வரும் நாளில், கைப்பேசியில் ஆறுதல் வசனங்கள் குவிகின்றன. அவை வீண் அல்ல. ஆனால் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ அந்த வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறவர்கள் எத்தனை பேர்? மதுரை மருத்துவமனையில் படுத்திருக்கும் ஜெப நண்பருக்குக் கூப்பிய கைகளின் படத்தை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்கலாமா? யோவானும் எழுத அநேகம் இருந்தும், மீதியை முகமுகமாய்ப் பேசுவதற்கென்று வைத்துக்கொண்டாரே (3 யோவான் 13, 14).

இளையோருக்கு ஒரு வார்த்தை. ரோமச் சகோதரர்கள் கூட்டமாகவே சென்றார்கள். முகமறியாதவரை முதன்முறை சந்திக்கையில், பெற்றோர் அறிய, துணையோடு, பலர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். நேர்மையான நண்பர் அதற்கு வருந்தமாட்டார்.

இந்த வாரத்தில், நீங்கள் இதுவரை நேரில் காணாத ஒரு நண்பர் துன்பத்தில் இருப்பாரானால், செய்தி அனுப்புவதோடு நில்லாமல் புறப்பட்டுச் செல்லுங்கள். வார்த்தையானவர் மாம்சமாகி நம்மிடத்தில் வந்தார் அல்லவா? அவருடைய கிருபை உங்கள் பயணத்தில் உங்களோடிருப்பதாக. ஆமென்.